தேங்காயெண்ணெய் மேல எதுக்குப் பழி?

விளவங்கோட்டான்:
அப்பாவுக்கு எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 168. டாக்டர் ஸ்டாட்டின்னு கொலஸ்ட்ராலைக் குறைக்குற மாத்திரை எழுதினதோட தேங்காயெண்ணெயையும் குறைக்கச் சொல்லிட்டார். உடம்புல இருக்குற கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் உடம்பே, முக்கியமா கல்லீரல், செய்யுது, அப்புறம் எண்ணெய் என்ன பாவம் செஞ்சது? எங்க தாத்தா 91 வயசு வரை தேங்காயெண்ணெயிலதான் சாளை மீன் பொரிச்சுத் தின்னார். எல்லாம் மருந்துக் கம்பெனி கட்டிவிட்ட கதை.

மருந்துக்கடைக்காரன்:
தாத்தா பனையேறியா தம்பி?

விளவங்கோட்டான்:
ஆமா அண்ணாச்சி, காலையும் மாலையும். ஏன் கேக்குதீங்க?

மருந்துக்கடைக்காரன்:
அப்பா எத்தனை பனை ஏறுதார்? கோவிச்சுக்காதீங்க. கல்லீரல் செய்யுதுங்கிறது சரிதான், ஆனா அது பாதிக் கதை. ரத்தத்துல சுத்துற எல்டிஎல்லைத் திரும்ப உள்ள இழுக்குறதும் அதே கல்லீரல்தான். அதுக்குன்னு அதோட செல் மேல எல்டிஎல்லைப் பிடிக்குற கொக்கி மாதிரி ரிசப்டர் இருக்கு. 1985-ல பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் குடுத்தது இந்த வேலைக்குத்தான். நிறைவுற்ற கொழுப்பு கூடினா ரிசப்டர் வேலை குறையும், எல்டிஎல் ரத்தத்துலயே தங்கி குழாய்ச் சுவருக்குள்ள புகுந்து படியும். தேங்காயெண்ணெயில அந்தக் கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல. ஸ்டாட்டின் இதுக்கு நேர்மாறு. கல்லீரலோட தயாரிப்பைக் குறைக்கும், தட்டுப்பாடு வந்ததும் அது ரிசப்டரைக் கூட்டி ரத்தத்துலேருந்து இழுத்துக்கும். பெத்தவங்க ரெண்டு பேர் வழியாவும் பழுதான ரிசப்டர் வாங்கிப் பிறக்குற பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே மாரடைப்பு வரும். அதுங்க பீடியா குடிச்சுது?

விளவங்கோட்டான்:
தேங்காயெண்ணெய் எச்டிஎல்லையும், அதான் நல்ல கொலஸ்ட்ராலையும், ஏத்துமே. நல்லதும் கூடினா கணக்கு நேராயிடாதா?

மருந்துக்கடைக்காரன்:
ஒரு பெரிய கம்பெனியும் அப்படித்தான் நம்பிச்சு. டார்செட்ராபிப்னு ஒரு மாத்திரை. எச்டிஎல் நல்லாவே ஏறிச்சு, கூடவே சாவும் கூடிச்சு. 2006-ல நிறுத்திட்டாங்க. கம்பெனி கட்டுற கதை எல்லாம் பலிக்காது பாத்தீங்களா.

பாறசாலை மருமகள்:
எண்ணெயை மாத்துன்னு சொல்றது லேசு. அடுப்படியில நிக்குறது யாரு? தேங்காயெண்ணெய் இல்லாத அவியலை எங்க மாமியார் தொடமாட்டாங்க. இப்ப தாளிப்பு எல்லாம் நல்லெண்ணெய், அவியல் இறக்கும்போது மட்டும் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய். சாளை பொரிக்கிறதில்ல, குழம்புதான். ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல.

விளவங்கோட்டான்:
ரிசப்டர் விஷயம் ஒத்துக்கிடுதேன். தாத்தாவை விட்டுக்குடுக்க மாட்டேன். ஸ்டாட்டின் போட்டா தசைவலி வருமாமே? அப்பா மருந்துச் சீட்டைப் பைபிளுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கார், இன்னும் வாங்கல.

மருந்துக்கடைக்காரன்:
சிலருக்கு வரும். வந்தா டாக்டர் அளவைக் குறைப்பார், இல்ல வேற ஸ்டாட்டின் எழுதுவார். சீட்டு எந்த மாசத்துது?

விளவங்கோட்டான்:
போன ஓணத்துக்கு முந்தி.