ஷிஃப்ட் வேலைக்கு நடுவே தொடர்ந்து செய்யக்கூடிய தொண்டு: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் என்ன இருக்கிறது?

வாலாஜாப் பெண் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு வயது 24. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஏற்றுமதிக்குக் காலணி தைக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதிய ஷிஃப்ட். சரக்குக் கப்பலேறும் தேதி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிடுவார்கள்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தோம், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். எட்டாம் நாள் பஸ் ஏறிவிட்டோம். அதன்பின் அந்த ஊர்ப் பக்கம் யாரும் போகவில்லை. போன ஆண்டு ஒரு குழுவோடு பாலாற்றங்கரையில் மரக்கன்று நடப் போனேன். பேனர், டீ-சர்ட், படம் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் கேட்டபோது குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. கன்றுகள் கருகிவிட்டன.

எனக்கு ஒரு நாள் கூத்து வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் என்னால் நிச்சயம் ஒதுக்க முடியும். ஆனால் அது எந்தக் கிழமை, எந்த நேரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள். இதற்குள் அடங்கும்படி, வருடக்கணக்கில் செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

தோட்டப்பாளையத்தார்:

இரத்த தானம் செய்யலாம் அம்மா. வேலூரில் இதற்குத் தேவை தீர்ந்த நாளே இல்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வரும் நோயாளிகளோடு பெரும்பாலும் ஒருவர்தான் துணைக்கு வருகிறார். இரத்தம் கொடுக்க உறவினர்களை எங்கிருந்து திரட்டுவார்? அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் கொடுக்கலாம். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-உம் இருக்க வேண்டும். நம் பெண்களில் பலர் இந்த 12.5-இல்தான் நின்றுவிடுகிறார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று இப்போதே ஆரம்பியுங்கள். இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் முகாம் நாளில் கூட்டமாக வருபவர்களைவிட, கூப்பிட்ட நாளில் வருபவர்தான் இரத்த வங்கிக்கு வேண்டியவர்.

காட்பாடி ஆசிரியர்:

வணக்கம் தங்கை. நான் பார்வையற்றவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பத்தாம் வகுப்பிலிருந்து ஆசிரியர் பணித் தேர்வு வரை நான் எழுதிய ஒவ்வொரு தேர்வையும் இன்னொருவர் கைதான் எழுதியது. ஆகவே தொண்டைப் பெற்றுக்கொண்டவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

நம் மாவட்டங்களில் பார்வையற்ற மாணவர்களும் வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களும் எப்போதும் தேடுவது இரண்டு வகை ஆட்களை. ஒருவர் படித்துக் காட்டுபவர், மற்றவர் தேர்வில் சொல்வதை எழுதுபவர்.

எழுதுபவர் வேலை கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டப்படிப்பில் ஒரு தேர்வில் எனக்கு எழுத வந்தவர் நான் சொல்வதைச் சுருக்கி, தன் வார்த்தையில் எழுதிக்கொண்டே போனார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பேனா ஓடும் சத்தம் நின்றுவிடும். கேட்டால், கருத்து வந்துவிட்டது சார் என்பார். அந்தத் தாளில் என் மதிப்பெண் அவருடைய தமிழுக்கு வந்தது. அடுத்த பருவத்தில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மாணவி வந்தார். கேள்வியை இரண்டு முறை நிறுத்தி வாசிப்பார். பொருத்துக என்றால் இடப்பக்கம் முழுவதையும் சொல்லிவிட்டு வலப்பக்கம் போவார், பிறகு நான் கேட்கிற வரிசைக்குத் திரும்பி வருவார். பக்கம் முடியும்போது சொல்வார். விடை தவறாக இருந்தாலும் குரலில் ஒரு அசைவு இருக்காது. என் தவறும் என்னுடையதாகவே தாளில் போய்ச் சேர்ந்தது. அந்த மரியாதையை இன்றுவரை மறக்கவில்லை.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிவிடும். அத்தனை நேரமும் பொறுமையாக உட்காரக்கூடியவர் வேண்டும். எழுதுபவரின் கல்வித் தகுதிக்கும் விதி உண்டு. தேர்வு நடத்தும் அமைப்புக்கு அமைப்பு அது மாறும் என்பதால் அறிவிக்கையை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட வேண்டும். போட்டித் தேர்வுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், நீங்கள் விடுப்புச் சொல்லிவைக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் விடை தெரியாத கேள்விக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். இப்படிப்பட்டவற்றை எழுதுபவரும் அறிந்திருக்க வேண்டும்.

படித்துக் காட்டுவதற்கு வீட்டைவிட்டு நகரவே வேண்டாம், போனில் போதும். இந்தக் காலத்தில் கணினியே படிக்குமே என்று கேட்பார்கள். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் நம் பயிற்சி மையங்களில் சுற்றுகிற குறிப்புகளில் பாதி, பக்கத்தைப் படமெடுத்து ஒட்டிய கோப்புகள். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். இன்னும் சில பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதைத் திறந்தால் கணினி ஆங்கில எழுத்துகளாக எதையோ உளறும். அங்கேதான் மனிதக் குரல் வேண்டியிருக்கிறது.

வாலாஜாப் பெண்:

அண்ணா, இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. போனில் படித்துக் காட்ட என்னால் முடியும். கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்தில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? தினமும் அரை மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். தோட்டப்பாளையத்து ஐயாவுக்கு நன்றி. இந்த மாதமே ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொள்கிறேன்.

கணியம்பாடியிலிருந்து:

கன்று கருகிய வருத்தம் புரிகிறது. வறண்டு கிடந்த நம் நாகநதி ஆற்றைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தடுப்பணை கட்டி, நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டி, வருடக்கணக்கில் உழைத்த பிறகுதான் அதில் தண்ணீர் வந்தது. மரம்தான் வேண்டுமென்றால் உங்கள் தெருவிலேயே இரண்டு புங்கன் வையுங்கள், குடம் தூக்கும் தூரத்தில். இன்னொன்று, உங்கள் ஊர் நூலகத்தில் நூலக நண்பர்கள் திட்டம் பற்றி விசாரியுங்கள். வெளியே வர இயலாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை.

காட்பாடி ஆசிரியர்:

பஸ்ஸில் செய்ய நல்ல வேலை இருக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒருபுறம் பழைய அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் கணினி அதைப் பார்த்துப் பெயர்த்த எழுத்து. கணினிக்கு ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. அரசு என்று அச்சில் இருப்பதை 'அாசு' என்று எழுதிவைக்கும். கண்ணுள்ளவர் சட்டென்று தாண்டிப் போய்விடுவார். என் திரைவாசிப்பான் அங்கே தடுக்கி விழும். அந்தப் பிழைகளைத் திருத்துவதுதான் வேலை. ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சளாகும், இரண்டாமவர் சரிபார்த்ததும் பச்சையாகும். போன் திரை சிறியது என்பதால் கவிதை நூலில் தொடங்குங்கள், பக்கத்துக்குப் பக்கம் வரிகள் குறைவு. தரப் பரிசோதனையில் தையல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அதே கண்தான் இதற்கும் வேண்டும்.

எழுதுபவர் வேலைக்கு இப்போதே ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் படித்துக் காட்டுங்கள். ஒருவருடைய வேகமும் அவர் யோசிக்கும்போது விடுகிற இடைவெளியும் பழகிய பிறகு எழுதப் போனால் இருவருக்கும் நல்லது. ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டு நான்கு பேருக்கு ஒத்துக்கொண்டு, இரண்டாம் மாதம் போனை எடுக்காமல் விட்டவர்களால் ஒரு வருடப் படிப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆற்காட்டிலிருந்து என்னிடம் வரும் ஒரு மாணவி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அதற்கான பள்ளிப் பாடநூல்களில் இப்போது எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் நிற்கிறாள். பெண் குரல்தான் வேண்டும் என்று அவள் வீட்டில் கேட்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமென்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள், அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு இணைத்துவைக்கிறேன். மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழு மணி, காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் பட்டியல் வந்ததும் அவளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பிவிடுங்கள். கப்பல் தேதி வாரத்தில் முடியாது என்றால் முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள், அந்த வாரத்துக்கு வேறு ஆள் நான் பார்த்துக்கொள்கிறேன்.