ஸ்கோபஸில் நான் மூன்று ஆள்: எச்-இன்டெக்ஸ் எதை எழுதுவது?

கவிதா_மைக்ரோ: மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியர் நான். 11 வருடத்தில் 19 பேப்பர். இப்போது ஒரு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கிறேன், எச்-இன்டெக்ஸ் (நம் பேப்பர்களை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள், அதாவது சைட்டேஷன், என்பதை வைத்துப் போடும் எண்) கேட்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் 8, கட்டுரைகளையும் சைட்டேஷனையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தில் 4. ஏன் இப்படிப் பாதியாகிறது என்று தோண்டிப் பார்த்தால், ஸ்கோபஸில் என் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். சில பேப்பரில் கவிதா எம், சிலவற்றில் கவிதா முத்துசாமி. ஒரு ஜர்னல் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதால் அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போட்டேன், அது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் "எம் கே" என்று நிற்கிறது! இரவு லேபில் உட்கார்ந்து செய்த வேலை, யாரோ எம் கே கணக்கில் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. எந்த எண்ணை எழுத?

நூலகர்_சேகர்: மேடம், இது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வருகிற தொல்லைதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அவர்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் உண்டு. முதலில் ஸ்கோபஸில் மூன்று கணக்கையும் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. ஆர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் 16 இலக்க அடையாள எண்) வாங்கிப் பழைய பேப்பர்களை அதில் சேருங்கள், இனி அனுப்புகிற எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பெயர் போடுங்கள். கூகுள் ஸ்காலர் எண் பொதுவாகக் கூடத்தான் இருக்கும், அது ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், புத்தகம் எல்லாவற்றிலிருந்தும் சைட்டேஷனை எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணை எழுதும்போது எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

டாக்டர்_ராகவன்: சேகர் சார் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் 4 என்று பார்த்து மனம் தளர வேண்டாம். இந்த எண்ணை 2005-இல் கொண்டுவந்த ஹிர்ஷ் ஒரு இயற்பியலாளர். 4 என்றால் குறைந்தது நான்கு சைட்டேஷன் வாங்கிய பேப்பர் நான்கு இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே பேப்பர் எழுதி அதை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் எச்-இன்டெக்ஸ் 1-தான்.

உங்கள் துறையிலேயே பாருங்கள், கல்கத்தாவின் சம்பு நாத் டே. முயல் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் காலரா கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பிக்கொண்டது. இது 1953. பிறகு கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் வடிநீரைச் செலுத்தினார், அப்போதும் உப்பியது. நீரை இழுத்துக் கொட்டுவது கிருமி வெளியே விடுகிற நச்சு என்று அப்படித்தான் தெளிவானது, 1959-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வந்து பல வருடம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. காலரா நச்சு ஆராய்ச்சி சூடுபிடித்த பிறகுதான் சைட்டேஷன் ஏறியது. 1978-இல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அழைத்தார்கள். 1985-இல் இறந்தார், அதுவரை இந்திய அறிவியல் அகாடமி எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. சைட்டேஷன் கணக்கையே தொடங்கி வைத்த யூஜின் கார்ஃபீல்டு 1986-இல் அவரைப் பற்றித் தனியாக எழுதினார். நினைத்தாலே எனக்கு ஆறவில்லை.

பொதுசுகாதாரம்_அனு: இதற்கு நேர்மாறான கதையும் உண்டு அக்கா. தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்று கிளப்பிவிட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 பேப்பர், லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. சைட்டேஷனோ ஆயிரத்தைத் தாண்டும். மறுத்து எழுதினாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். விண்ணப்பத்தில் இடம் இருந்தால் உங்கள் நல்ல பேப்பர் மூன்றை எடுத்து, அதனால் வார்டில் என்ன மாறியது என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள், நான் அப்படித்தான் எழுதுவேன்.

கவிதா_மைக்ரோ: எல்லோருக்கும் நன்றி. ஸ்கோபஸில் கணக்கைச் சேர்த்துவிட்டார்கள், இப்போது 6. எம் கே இன்னும் பப்மெட்டில் இருக்கிறார், ஜர்னலுக்குத் திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன். அனு சொன்னபடி மூன்று பேப்பர் எடுத்தேன், அதில் ஒன்று இரண்டே சைட்டேஷன் வாங்கியது. எங்கள் ஐசியூவில் சிறுநீர்க் குழாய்த் தொற்று பற்றியது, அதற்குப் பிறகுதான் அங்கே கதீட்டர் (சிறுநீர் வடியப் போடும் குழாய்) மாற்றும் முறையையே மாற்றினார்கள். அதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.