கைடு சாப்டரைத் தொடவே மாட்டேங்கிறார், மாத்திடலாமா?

குடியாத்தம்_கெமிஸ்ட்ரி:
ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடுற ஆலை) கழிவுநீர்ல குரோமியம் பத்தி பிஎச்.டி. பண்றேன், ஃபுல் டைம், மூணாவது வருஷம். கைடு தங்கமான மனுஷர், அதட்டிக்கூடப் பேச மாட்டார். ஆனா அனுப்பின தீசிஸ் சாப்டர் பொங்கலுக்கு முன்னாடியிலிருந்து மெயில்லயே கெடக்கு. கேட்டா "பாத்துடலாம்மா"ங்கிறார். கைடை மாத்தலாமா?

பாலாறு_மணல்:
அவர்கிட்ட எத்தனை பேர் பண்றாங்க? யுஜிசி 2022 விதிப்படி புரொபசர் 8, அசோசியேட் 6, அசிஸ்டன்ட் 4 பேர் வரை எடுக்கலாம். எட்டு பேரும் சாப்டர் அனுப்பினா அவர்தான் என்ன பண்ணுவார்?

காட்பாடி_அக்கா:
தங்கச்சி, என் கைடும் இதே ரகம். முழு சாப்டர் அனுப்பறதையே நிறுத்திட்டேன். ஒரு கிராஃப், அடியில மூணு வரி, ஒரே ஒரு கேள்வி. பிரின்ட் எடுத்துக்கிட்டு, அவர் ஃபர்ஸ்ட் ஹவர் முடிச்சு வர்ற வராண்டாவுல நிப்பேன். நின்னபடியே பேனாவை வாங்கி ஓரத்துல கிறுக்கிட்டுப் போவார். உனக்குன்னா, குரோமியம் அளக்கிற டெஸ்ட் பத்தி, "டைபினைல்கார்பசைடு போட்டு 540 நானோமீட்டர்ல ரீடிங் இப்படி ஏறுது, பிளாங்க் சரியா சார்?" இதுக்கு "பாத்துடலாம்"னு சொல்ல முடியாது பாரு.

அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருமுறை நம்ம ஆராய்ச்சி எப்படிப் போகுதுன்னு பாக்கிற கமிட்டி மீட்டிங்கை டீ, சமோசாவோட முடிச்சுடாதே. எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புரிய வெச்சது கைடு இல்ல, கமிட்டியில இருந்த ஒரு மேடம். ஆனா "இதை மேடம்கிட்ட காட்டட்டுமா சார்?"னு முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டுதான் போனேன். கேக்காம போனா டிபார்ட்மென்ட்டே ரெண்டாயிடும், நம்ம ஊர் கதை தெரியாதா!

சோத்கங்காவுல (இந்திய பிஎச்.டி. தீசிஸ்களைப் போட்டு வெக்கிற ஆன்லைன் தளம்) உன் கைடு பேரைப் போட்டுத் தேடு. அவர்கிட்ட முடிச்சவங்க தீசிஸ் வரும். அதுல ஒருத்தரைப் பிடி. சார் எப்போ படிப்பார், எப்படிக் கேட்டா படிப்பார்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

குடியாத்தம்_கெமிஸ்ட்ரி:
நன்றிக்கா. ஆறு பேர் இருக்கோம். சாருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் வேற.

காட்பாடி_அக்கா:
அடிப்பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா! ரிட்டயர் ஆயிட்டா அவர் கோ-கைடா மட்டும்தான் இருக்க முடியும், அதுவும் 70 வயசு வரைக்கும்தான். மெயின் கைடா இன்னொருத்தர் எப்படியும் வந்தாகணும். அது யாருன்னு ஆபீஸ் முடிவு பண்றதுக்குள்ள நீ முடிவு பண்ணிக்கோ. கமிட்டியில உன் வேலை தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா, சார் வாயாலேயே அவர்கிட்ட பேசச் சொல்லு. இந்த செமஸ்டர்லயே.