மறு: ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ – ‘முழுமடங்கு’ என்று முன்மொழிகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் பழைய வீடியோ ஆட்டப் பெட்டி) செய்பவர்களுக்கான திரைக்கோளாறு வழிகாட்டியின் தமிழாக்கம் ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ என்ற இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. படத்தை இரண்டு, மூன்று என்று முழு எண்ணால் மட்டும் பெருக்கிப் பெரிதாக்கும் அமைப்பு அது. இழையில் இதுவரை வந்தவை: முழுவெண் அளவிடல், முழுவெண் அளவுமாற்றம், நேர்ப்பெருக்கம். அளவிடுவது என்றால் அளந்து பார்ப்பது. படத்தைப் பெரிதாக்குவதை அது குறிக்காது. ஆகவே முதல் சொல்லை விலக்கிவிடலாம். ‘நேர்ப்பெருக்கம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் எதற்கு நேர் என்று கேட்டால் விடை இல்லை. ‘முழுவெண் அளவுமாற்றம்’ பிழையில்லாத சொல்தான். அதையும் ஏற்க நான் தயங்குவது ஏன் என்பதற்கு, அந்த அமைப்பு திரையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1980-இல் வந்த பேக்-மேன் ஆட்டத்தின் படம் 224 புள்ளி (பிக்சல்) அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. அதை 1920×1080 திரையில், திரையைக் கிடையாகவே வைத்து, உயரம் முழுவதும் நிரம்பும்படி காட்டச் சொல்கிறோம். 1080-ஐ 288-ஆல் வகுத்தால் 3.75. முக்கால் புள்ளியை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. ஆகவே மென்பொருள் 216 வரிகளை நான்கு வரித் தடிமனிலும் மற்ற 72 வரிகளை மூன்று வரித் தடிமனிலும் வரைந்து கணக்கை நேர்செய்துவிடுகிறது. விளைவு, புதிர்வழியின் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிகிறது. பேய்கள் மேலும் கீழும் நகரும்போது அவற்றின் உடல் நெளிகிறது. மென்மையாக்கும் வடிப்பியை இயக்கினால் நெளிவு குறைந்து மங்கல் வந்து சேரும். பெட்டி செய்தவர் ‘ரெசொல்யூஷன் கோளாறு’ என்று எழுதி, இன்னும் உயர்ந்த திரை வாங்கலாமா என்று கேட்பார். திரையில் ஒரு குறையும் இல்லை. 3.75 என்ற எண்தான் அத்தனைக்கும் காரணம்.

அதே படத்தைப் பழைய 1280×1024 திரையில், திரையை நிமிர்த்தி வைத்துக் காட்டிப் பாருங்கள். நான்மடங்கு பெருக்கினால் 896×1152. நாற்புறமும் சரியாக 64 புள்ளி மிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் கூர்மையான சதுரமாக நிற்கும். இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான எல்சிடி திரையை நான் பார்த்ததில்லை.

கவனியுங்கள், விளக்கும்போது ‘நான்மடங்கு’ என்ற சொல் தானாக வந்து விழுந்துவிட்டது. இருமடங்கு, மும்மடங்கு, ஐம்மடங்கு என்று நம்மிடம் ஒரு வரிசையே இருக்கிறது. எனவே விரும்பத்தக்க நிலைக்கு முழுமடங்கு, கோளாறான நிலைக்குப் பின்னமடங்கு. ‘முழுவெண் அளவுமாற்றம்’ அமைப்புக்கு மட்டும் பெயர் தருகிறது. நெளிவுக்குக் காரணமானது பெயரில்லாமலே கிடக்கிறது. கோளாறு நீக்கும் வழிகாட்டியில் கோளாறுக்குத்தானே முதலில் பெயர் வேண்டும்? போதாக்குறைக்கு, கணிதப் பாடநூல்களில் முழு எண்கள் வேறு, முழுக்கள் வேறு. பூச்சியமும் எதிர்ம எண்களும் தேவையே இல்லாத இடத்தில் அந்தக் குழப்பத்தை ஏன் கொண்டுவர வேண்டும்?

//மடங்கு என்றதும் மடங்கும் திரை, மடக்கு கைப்பேசி எல்லாம் நினைவுக்கு வராதா?//

தனியே ‘மடங்கு திரை’ என்று எழுதினால் வரும். முன்னால் ‘முழு’வோ ‘பின்ன’மோ வந்துவிட்டால் வராது. ‘இருமடங்கு’ என்று படித்து எவரும் இரண்டாக மடித்ததாக எண்ணுவதில்லை.

//ஒரே எண்ணால் பெருக்குவதுதானே? ‘ஒருசீர்ப் பெருக்கம்’ எனலாமே?//

இது நல்ல கேள்வி. ஆனால் ஒரே எண் என்ற கட்டாயம் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டத்தின் படம் 384×224. அந்தக் காலத்துத் திரை 4:3 என்பதால் அதன் புள்ளிகள் சதுரமாக இருந்ததில்லை. இரு பக்கமும் நான்கால் பெருக்கினால் 1536×896 ஆகி, சண்டைக்காரர்கள் பக்கவாட்டில் உப்பிவிடுவார்கள். அகலத்தை மூன்றாலும் உயரத்தை நான்காலும் பெருக்கினால் 1152×896, அதாவது 9:7. இது 4:3-க்கு மிக நெருக்கம். இரண்டும் முழுமடங்குதான், ஆனால் வெவ்வேறு. கிடைமடங்கு 3, நெடுமடங்கு 4 என்று சொன்னால் முடிந்தது. ‘ஒருசீர்’ இங்கே பொய்யாகிவிடும்.

மெனுவில் ‘முழுமடங்கு மட்டும்’ என்று எழுதலாம். மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) இதே அமைப்பு தலைகீழாக இருக்கிறது: ‘அன்ஈவன் ஸ்ட்ரெட்ச்’ என்பது தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும், அணைத்தால்தான் முழுமடங்கு வரும். அங்கே ‘பின்னமடங்கை அனுமதி’ என்று எழுதினால் எதை அணைக்கிறோம் என்பது படித்தவுடனே விளங்கும்.

அடுத்தது, ஓவர்ஸ்கேன். இதைத் தனி இழைக்குத் தள்ள வேண்டாம். முழுமடங்கைக் கெடுப்பதே பெரும்பாலும் இதுதான். பல தொலைக்காட்சிகள் வரும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகின்றன. ஐந்து விழுக்காடு பெரிதாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், எமுலேட்டர் ஒழுங்காகக் கொடுத்த 4 மடங்கு திரையில் 4.2 ஆகிவிடுகிறது. அமைப்பில் ‘முழுமடங்கு’ இயக்கத்தில் இருக்கும், படமோ நெளியும். எனவே வழிகாட்டியில் தொலைக்காட்சியின் அமைப்பை முதலில் சரிசெய்யச் சொல்லிவிட்டு, பிறகே எமுலேட்டருக்குப் போக வேண்டும். இப்போதைய வரைவில் வரிசை மாறியிருக்கிறது.

ஓவர்ஸ்கேனுக்கு வந்த ‘மிகைவருடல்’ என்ற பரிந்துரை படக்குழாய்த் திரைக்குப் பொருந்தும். அங்கே எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியும் வருடியது. எல்சிடியில் கற்றையும் இல்லை, வருடலும் இல்லை, வெட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘விளிம்புமீறல்’ இரண்டுக்கும் செல்லும். எதிர்நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் பழைய அமைப்புகளில் ‘ஓவர்ஸ்கேன்’ என்பதை இயக்கினால் படம் சுருங்கி நாற்புறமும் கறுப்புப் பட்டை வரும். ஓரம் வெட்டுப்படாமல் இருக்கச் செய்த ஈடு அது. ஆங்கிலத்தில் நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள், நாமும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த ஈட்டுக்கு ‘விளிம்பு ஒதுக்கல்’ என்கிறேன்.

வழிகாட்டியின் கடைசிப் பகுதியில் இருக்கும் மூன்று கோளாறுகளையும் இந்தச் சொற்களோடு கலக்க வேண்டாம். திரை விழிக்கும் முன்பே கணினி விழித்துக்கொண்டு, திரையின் விவரம் கிடைக்காமல் 640×480-க்கு இறங்கிவிடுவது உண்மையான பிரிதிறன் (ரெசொல்யூஷன்) கோளாறு. மார்ட்டல் காம்பாட் 54.7 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 54.7 படம் என்ற வீதத்தில் ஓடும் ஆட்டம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது திக்குவது புதுப்பிப்பு வீதத்தைச் சேர்ந்தது. பழைய ஆர்கேட் படக்குழாய்க்கு வரி வரையும் வீதம் 15.7 கிலோஹெர்ட்ஸாக இருக்க வேண்டியபோது கணினி 31.5 அனுப்பினால் படம் நிலைகொள்ளாமல் சிதறும், திரைக்கும் கேடு. அதை எச்சரிக்கையாகவே தடித்த எழுத்தில் போடுங்கள். (பிரிதிறனைத் ‘தெளிவுத்திறன்’ என்று சொல்ல விரும்பும் அணியினர் பொறுக்க வேண்டும். 224×288 படம் கூர்மையாகத் தெரிவதையும் 1080 வரித் திரை மங்கலாகத் தெரிவதையும் மேலே பார்த்தோம். தெளிவைப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.)

தீராத ஒன்று இருக்கிறது. 224 வரிப் படத்தை 1080 வரித் திரையில் நான்மடங்காக்கினால் 896, மேலும் கீழும் கறுப்பு அதிகம் என்று சிலர் ஐம்மடங்காக்குகிறார்கள். 1120 வரி வரும். மேலே 20, கீழே 20 வெட்டுப்படும். மூலப்படத்தின் கணக்கில் இது பக்கத்துக்கு 4 வரிதான், பல ஆட்டங்களில் கண்ணுக்கே தெரியாது. எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருள் இதை ‘ஓவர்ஸ்கேல்’ என்ற தெரிவாக வைத்திருக்கிறது. ‘மிகைமடங்கு’ என்று வைக்கலாமா, அல்லது விளிம்புமீறிய முழுமடங்கு என்று விரித்தே எழுதலாமா? முதலாவது சுருக்கமாக இருக்கிறது. ஆனால் மடங்கில் தவறு என்ற தொனி அதில் வந்துவிடுகிறதோ என்று ஐயம். இதற்கு உங்கள் கருத்து வேண்டும். மற்ற சொற்களுக்கு மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் வரைவில் ஏற்றிவிடுகிறேன்.