‘அகதீசியா’வுக்கு ‘இருப்புக்கொள்ளாமை’

அன்புடையீர்,

மனச்சிதைவு நோய்க்கான குளிசைகளைப் பற்றி வீட்டாருக்கென நாம் எழுதிவரும் கையேட்டில் ஓரிடத்தில் இருக்கவோ நிற்கவோ விடாது உந்தும் ‘அகதீசியா’ என்னும் பக்கவிளைவுக்கு ‘அமைதியின்மை’ என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘இருப்புக்கொள்ளாமை’ என்பதை முன்மொழிகிறேன்.

இம்மருந்துகளிற் பெரும்பாலானவை மூளையில் டொபமைன் என்னும் வேதிப்பொருள் வந்து பற்றும் வாங்கிகளை, தமிழக நண்பர்கள் ‘ஏற்பி’ என்பவற்றை, மறித்து நிற்பவை. அதனாலேயே காதிற் கேட்கும் குரல்களும் காரணமற்ற சந்தேகங்களும் அடங்குகின்றன. ஆனால் உடலின் அசைவை நெறிப்படுத்துவதும் அதே டொபமைன்தான். ஏறத்தாழ 65 சதவீத வாங்கிகள் மறிக்கப்படும்போது பயன் தெரியத் தொடங்குகிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போது கை நடுக்கம், தசை இறுக்கம் போன்றவை மிகுகின்றன. பயனுக்கும் கேட்டுக்கும் இடைப்பட்ட வெளி இவ்வளவு ஒடுங்கியது என்பதாற்றான் பக்கவிளைவை உரிய பெயரால் உடனே சொல்ல முடிவது முக்கியமாகிறது.

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த ஒரு கடற்றொழிலாளிக்கு இவ்வகை மருந்தான ஹலோபெரிடோல் கூட்டிக் கொடுக்கப்பட்டுச் சில நாட்களில் நேர்ந்ததை அருகிருந்து பார்த்தேன். கதிரையில் இருப்பார், உடனே எழும்புவார், முற்றத்து மணலில் வேலிக்கும் கிணற்றுக்கும் இடையே தடம் விழும்வரை நடப்பார். நின்றாலும் கால் மாற்றி மாற்றி மிதிப்பார். குரல்கள் கேட்கின்றனவா என்று கேட்டேன். இல்லை என்றார், உள்ளுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுவது போலிருக்கிறது என்றார். கிளினிக் கொப்பியில் அது ‘அமைதியின்மை’ என்று எழுதப்பட்டது. நோய் முற்றிவிட்டதென்று கருதி மருந்தை மேலும் கூட்டினார்கள். நடை இரவிலும் தொடர்ந்தது. அடுத்த முறை அவருடைய மனைவி, “இவருக்கு ஒரு இடத்தில இருப்புக் கொள்ளுதில்லை ஐயா, குளிசை கூட்டினதிலயிருந்துதான்” என்று சொன்னபோதே வைத்தியர் நிமிர்ந்து பார்த்து, அளவைக் குறைத்து, இந்நிலையைத் தணிக்கும் புரோபிரனோலோல் மருந்தையும் எழுதினார்.

அந்த அம்மா சொன்னதே மூலச்சொல்லின் பொருளும் ஆகும். பிராகு நகர நரம்பியல் வைத்தியர் ஹஷ்கோவெட்ஸ் 1901இல் கிரேக்க வேரிலிருந்து ஆக்கிய அச்சொல்லுக்கு ‘இருக்க இயலாமை’ என்பதே நேர்ப்பொருள். இவ்வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மருத்துவத்துக்கு வந்தது 1952இலேயே; ஆக, சொல் மருந்துக்கு முந்தியது. அமைதியின்மை கவலையாலும் வரும், காய்ச்சலாலும் வரும், மனச்சிதைவாலும் வரும். இருப்புக்கொள்ளாமையோ உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பிடித்தாட்டும் நிலை. அதைத் தாங்க மாட்டாமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்போரும் உண்டு.

‘இருப்பு’ என்றால் கையிருப்பு அல்லவா, ‘உட்காரவியலாமை’ தெளிவாக இராதா என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். ஈழத்து வழக்கில் ‘இருங்கோ’ என்றால் உட்காருங்கள் என்றுதான் பொருள். ‘இருக்கை’ என்பதும் அவ்வேரிற் பிறந்ததே. ‘உட்காரவியலாமை’ என்றால் இடுப்பு முறிந்தவரும் நினைவுக்கு வருவார். ‘இருப்புக்கொள்ளவில்லை’ என்பதைத் தமிழகத்திலும் எல்லோரும் அறிவார்கள். பேச்சுவழக்குச் சொல் என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; நோயாளி வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லே வைத்தியரை விரைவிற் சென்றடையும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண்ணில் நாம் இதற்குத் தயங்க வேண்டாம்.

நெடுங்கால மருந்துப் பாவனைக்குப் பின் தோன்றும் வகையைப் ‘பிந்திய இருப்புக்கொள்ளாமை’ எனலாம். வாயும் நாக்கும் தாமாக அசையும் வேறொரு விளைவுக்கு நாம் வைத்துள்ள ‘பிந்திய அசைவுப்பிறழ்வு’ என்பதோடு அது குழம்பாது.

உடன்பாடாயின், கையேட்டின் அப்பத்தியை இவ்வாறு மாற்றலாம்: “குளிசை தொடங்கிய அல்லது கூட்டிய பின் இருப்புக்கொள்ளாமை தோன்றினால், குளிசையைத் தாமாக நிறுத்தாமலும், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமலும், வைத்தியரிடம் சென்று இச்சொல்லையே சொல்லுங்கள், எந்த நாளிலிருந்து என்பதையும் சொல்லுங்கள்.”