127 யூனிட் (பாட அளவு) சேர்ந்துவிட்டது, யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 105தான் எடுப்பார்களாமே? உதவி தேவை

மில்பிடாஸ்_அம்மா:
வணக்கம். மகள் பே ஏரியாவில் குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்கள்) நடக்கும் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருஷப் படிப்புக்கான காலேஜ்) மூன்றாம் வருஷம். முதலில் பயாலஜி எடுத்தாள், பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறினாள். அதில் யூனிட் ஏறிப்போய் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) இப்போது 127 நிற்கிறது. நவம்பரில் யூசி டேவிஸ், சான்டா பார்பரா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றுக்கும் மாறுவதற்கு விண்ணப்பம் போடப்போகிறாள். 105ஐத் தாண்டினால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள் என்று கூடப் படிக்கும் பையன் பயமுறுத்தியிருக்கிறான். கடைசியாக எடுத்த லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் மேத் எல்லாம் வீண்தானா? ஹைஸ்கூலில் ஏபி (கல்லூரி நிலைப் பாடத்துக்கான தேர்வு) கால்குலஸ் பிசியில் 5 வாங்கியிருக்கிறாள், அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வடைசட்டி:
பழைய பயாலஜி கோர்ஸையெல்லாம் விண்ணப்பத்தில் காட்டாதீங்க. யார் தோண்டிப் பார்க்கப்போறாங்க?

இர்வைன்_பழையமாணவன்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க அக்கா. படித்த எல்லாக் காலேஜையும், எடுத்த எல்லாக் கோர்ஸையும் போட்டே ஆகணும். பின்னால் டிரான்ஸ்கிரிப்ட் வரும்போது ஒத்துப்போகலைன்னா கிடைத்த இடமே ரத்தாகும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 105 என்பது சேர்க்கைக்கான வரம்பு இல்லை, பட்டத்துக்கு அவங்க வரவு வைக்கிற யூனிட்டுக்கான வரம்பு. செமஸ்டர் கணக்கில் அதுவே 70 (ஒன்றரையால் வகுத்தால் வரும்). அதுக்கு மேலே உள்ள கோர்ஸுக்கு யூனிட் கிடைக்காது, ஆனால் பாடம் முடித்ததாக ஏத்துக்குவாங்க. லீனியர் ஆல்ஜீப்ராவை அங்கே போய்த் திரும்ப எடுக்க வேண்டாம். எந்தக் கோர்ஸ் எதுக்கு ஈடுன்னு அசிஸ்ட் இணையதளத்தில் காலேஜ் பெயரையும் மேஜரையும் (முதன்மைப் பாடம்) கொடுத்துப் பாருங்க. மதிப்பெண் சராசரிக்கும் வெட்டு கிடையாது: யூசி ஏத்துக்கிற கோர்ஸ் எல்லாத்தோட கிரேடும் அதில் சேரும், பழைய பயாலஜியில் வாங்கின சி கிரேடும்தான்.

கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவங்க 200 யூனிட் வைத்திருந்தாலும் யூசி 105ன்னுதான் எழுதிக்கும். அதனால் "யூனிட் அதிகம்" என்று தள்ளவே வழி இல்லை. அந்தப் பையன் கேள்விப்பட்டது நாலு வருஷப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மாறுறவங்க கதையாக இருக்கும். ஏபி யூனிட் இந்த வரம்புக்கு வெளியே. பிசிக்கு 8 குவார்ட்டர் யூனிட் தனியாக வரும், அதை வைத்து யாரையும் நிராகரிக்கவும் மாட்டாங்க. காலேஜில் அதே கால்குலஸைத் திரும்ப எடுத்திருந்தால் மட்டும் ஒருமுறைதான் வரவு.

சான் ஹோசே ஸ்டேட்டுக்கும் கம்யூனிட்டி காலேஜ் யூனிட் உச்சவரம்பு அதே 70 செமஸ்டர்தான்.

ஒன்று சொல்லுங்க, வேற எங்கேயாவது கோர்ஸ் எடுத்திருக்காங்களா?

மில்பிடாஸ்_அம்மா:
கால்குலஸில் மூன்றாவது பாகத்திலிருந்துதான் ஆரம்பித்தாள் தம்பி. ஹைஸ்கூல் முடித்த சம்மரில் ஒரு யூசி வளாகத்தில் 4 யூனிட் கோர்ஸ் ஒன்று எடுத்தாள். அது இடிக்குமா?

இர்வைன்_பழையமாணவன்:
அதைத்தான் கேட்டேன். யூசியில் எடுத்தது 105க்குள் அடங்காது, அதன் தலையில் ஏறும்: 109. பொதுவாக 120 குவார்ட்டர் யூனிட்டை நெருங்கும்போதுதான் "சீனியர்" (கடைசி வருஷ மாணவர்) என்று பார்த்துத் தள்ள ஆரம்பிப்பாங்க, அதிலும் வளாகத்துக்கு வளாகம், மேஜருக்கு மேஜர் விதி மாறும். இவங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் இன்னும் யூனிட் வேணும்னு அடுத்த சம்மரில் யூசி பக்கம் அனுப்பாதீங்க.

பட்டத்துக்கு யூசி கேட்பது 180. ஏபியும் சேர்த்து 117 கையில் இருக்கு, மிச்சம் 63. மேஜரின் மேல்நிலைக் கோர்ஸ்களுக்கே அது போயிடும், அதனால் வெட்டுப்பட்ட யூனிட் நடைமுறையில் உறைக்காது.

சன்னிவேல்_சாம்பார்:
கல்வி உதவித்தொகை வாங்குறாங்களா? இந்த 127 அங்கேதான் உதைக்கும். படிப்புக்கு வேண்டிய யூனிட்டில் 150 சதவீதத்துக்குள் முடிக்கணும் என்பது ஃபெடரல் உதவிக்கான விதி. மேஜர் மாறினவங்க காலேஜ் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது.

மில்பிடாஸ்_அம்மா:
உதவித்தொகை இல்லை, கைக்காசுதான். மகளிடம் படித்துக் காட்டினேன், இப்போதுதான் முகம் தெளிந்தது. பேட்மின்டன், யோகா என்று உடற்பயிற்சி கோர்ஸ் நாலைந்து எடுத்திருக்கிறாளே, அதெல்லாம் சேருமா?

இர்வைன்_பழையமாணவன்:
உடற்பயிற்சி கோர்ஸில் யூசி எடுப்பது மொத்தமே 6 குவார்ட்டர் யூனிட். எப்படியும் 105ஐத் தாண்டியாச்சு, அதனால் ஒன்றும் மாறாது. பேட்மின்டன் நல்லா ஆடட்டும்.