ஆய்வு முடிவுகளை நம் வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டு வருவது?

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியர்

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். குறுவள மையக் கூட்டங்களிலும் பணியிடைப் பயிற்சிகளிலும் "ஆய்வுகள் இப்படிச் சொல்கின்றன" என்று தொடங்கும் அறிவுரைகளை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த ஆய்வு எங்கே, எந்த வயதினரிடம், எதனோடு ஒப்பிட்டு நடத்தப்பட்டது என்பதைச் சொல்பவர்கள் அரிது. ஒரு பயிற்சியில், பிள்ளைகளைப் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் எனப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொன்னார்கள். அடுத்ததில், அடிக்கடி சிறு தேர்வு வைத்தால் பாடம் மனத்தில் நிற்கும் என்றார்கள். பிறிதொன்றில் கற்றல் நிலைவாரியாக வகுப்பைப் பிரிக்கச் சொன்னார்கள். மூன்றையும் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் செய்ய முடியாது.

இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது என்று ஓர் ஆசிரியர் எவ்வாறு முடிவு செய்வது? ஆசிரியர் தம் வகுப்பிலேயே செய்யும் சிறு ஆய்வாக, ஆண்டுதோறும் கோப்புக்காக எழுதப்படும் செயலாராய்ச்சியை உண்மையிலேயே பயன்படும் வகையில் செய்ய இயலுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் முதலாவதைத் தயங்காமல் விட்டுவிடலாம். பார்த்தல், கேட்டல் என்று பிள்ளைகளுக்கு விருப்பங்கள் இருக்கலாம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த விருப்பத்துக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்று நிறுவ வேண்டுமானால், "பார்த்துக் கற்போர்" படத்தின் வழியே கூடுதலாகவும், "கேட்டுக் கற்போர்" அதே பாடத்தைச் செவிவழியே கூடுதலாகவும் கற்றதை ஒரே ஆய்வில் காட்டியாக வேண்டும். ஹால் பேஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் அதுவரை வெளிவந்தவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, இந்த நிபந்தனையை நிறைவு செய்யும் சான்று ஏறக்குறைய இல்லை என்றே கண்டார்கள். படம் தேவையா, செய்முறை தேவையா என்பதைப் பாடப்பொருள்தான் முடிவு செய்கிறது. மின்சுற்றைப் படமின்றி எந்தப் பிள்ளைக்கும் விளக்க முடியாது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின்னும் இது பயிற்சிக் கையேடுகளில் இடம்பெற்று வருவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சிறு தேர்வு பற்றிய கருத்துக்கு அடிப்படை வலுவானது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, ஒரு பிரிவினரை மீண்டும் படிக்கச் செய்தார்கள். இன்னொரு பிரிவினரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56. பாடம் முடிந்த உடனே "புரிந்ததா?" என்று கேட்டு நிறைவடையும் நம் வழக்கத்துக்கு இந்த எண்கள் நேரடியான எச்சரிக்கையாகும், அந்த நேரத்தில் கிடைக்கும் விடையைக் கொண்டு அடுத்த வாரம் எது எஞ்சும் என்று கணிக்க இயலாது.

ஆயினும் அது கல்லூரி மாணவர்களிடம், உரைநடைப் பகுதியைக் கொண்டு பெற்ற முடிவு. பள்ளி வகுப்புகளிலும் இத்தகைய பயன் பதிவாகியிருக்கிறது என்றாலும், பயிற்சி எந்த வடிவில் அமைகிறது என்பதே முக்கியம். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு, சென்ற மாதப் பாடத்திலிருந்து ஒன்று என மூன்று வினாக்களைக் கேளுங்கள். எல்லோரும் எழுத வேண்டும். கை உயர்த்துபவர் மட்டும் சொன்னால் மற்றவர்கள் நினைவைத் தேடுவதே இல்லை. விடையை உடனே சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணைப் பதிவு செய்யாதீர்கள்.

பதில்: தொடக்கப் பள்ளி ஆசிரியை

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வினாவையே வாசிக்க இயலாத பிள்ளைக்கு நினைவிலிருந்து எழுதும் பயிற்சி என்ன செய்யும்? ஆறாம் வகுப்புக்கு வரும்போதே கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறுபவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டவரே அறிவார். அதனால் நிலைவாரிப் பிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் தொடங்கியபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையை வகுத்தார்கள். வகுப்புக்கு ஏற்ப அல்லாமல் நிலைக்கு ஏற்பக் கற்பிக்கும் இந்தக் கருத்துக்கு நம் நாட்டிலேயே நீண்ட ஆய்வு வரலாறு உண்டு. பிரதம் என்ற தொண்டு அமைப்பு வடோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு கற்பித்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர், குலுக்கல்போலப் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்பு முறையில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் சராசரி மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) உயர்ந்திருந்தது. கல்வித் துறையில் இது சிறிய எண் அன்று.

பயிற்சிகளில் இதற்குப் பின் நடந்தது சொல்லப்படுவதில்லை. இதே முறையை அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒப்படைத்தபோது, பயிற்சியும் கற்றல் பொருள்களும் மட்டும் தரப்பட்ட உத்தரகாண்டிலும், பீகாரின் ஒரு பகுதியிலும், குறிப்பிடத்தக்க பயன் ஏற்படவில்லை. கால அட்டவணையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டு, மேற்பார்வையாளர்கள் பள்ளிக்கு நேரில் வந்து துணை செய்த ஹரியானாவில் மொழிப்பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. கணக்கில் அங்கும் தெரியவில்லை. அதாவது பிரித்து உட்கார வைப்பது தானாகப் பயன் தரவில்லை. அந்த நேரத்தில் பாடப்பகுதியை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து ஆசிரியரை விடுவித்தால்தான் பயன் கிடைத்தது.

இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்துபவளாகச் சொல்கிறேன்: தலைமை ஆசிரியரிடம் பேசி, நாற்பது நிமிடத்தை நிலைவாரிக் கற்பித்தலுக்கென்று கால அட்டவணையில் எழுதிப் பெற முடியாவிட்டால், இதைத் தொடங்க வேண்டாம். அரைகுறையாகச் செய்தால் "மெல்லக் கற்போர்" என்ற பெயர் மட்டும் பிள்ளையிடம் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சிறு தேர்வின் மதிப்பெண்ணைப் பதிவு செய்ய வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு நாங்கள் ஏதேனும் மதிப்பெண் காட்டியாக வேண்டும். தாளில் மதிப்பெண்ணோடு "நன்று", "இன்னும் முயல்க" என்று எழுதிக் கொடுத்தால் போதாதா?

பதில்: கல்வியியல் ஆய்வு மாணவி

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைப் பற்றியது. இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் கண்ணில் பட்டவுடன் பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்க்கிறது, கருத்துரையைப் படிப்பதில்லை என்று நாம் ஊகிக்கலாம். "நன்று" என்பதை நான் கருத்துரையாகவே கொள்ளமாட்டேன். "பின்னங்களின் பகுதிகள் வேறாக இருக்கும்போது தொகுதிகளை நேராகக் கூட்டியிருக்கிறாய், மூன்றாம் கணக்கை மீண்டும் செய்" என்பதே கருத்துரை. வளரறி மதிப்பீட்டுக்கான எண்ணைத் தனித்தாள் ஒன்றிலிருந்து எடுத்து உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாராய்ச்சிக்கு வருகிறேன். கோப்புகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரே அமைப்பில் உள்ளன: முன்தேர்வு, புதிய உத்தி, பின்தேர்வு, முன்னேற்றம். இதில் உத்தி இல்லாவிட்டாலும் முன்னேற்றம் வந்திருக்குமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்ததில் ஏற்பட்ட பின்னடைவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பு எடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு சுமார் 24 விழுக்காடு. அந்தத் திட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்தேர்வும் பின்தேர்வும் வைத்திருந்தால், மீட்சி முழுவதையும் அதன் கணக்கிலேயே எழுதியிருப்போம். 24 விழுக்காடு என்பதும் மதிப்பு மிக்கதுதான். ஆனால் அது வேறு எண்.

உங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டுமே இருக்கும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் பிள்ளைகளைப் பிரிக்காமல் பாடப்பகுதிகளைப் பிரியுங்கள். ஒரு பருவத்தின் அறிவியல் பாடங்களில் ஏறக்குறைய ஒரே கடினமுள்ள எட்டுச் சிறு தலைப்புகளைப் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி நான்கைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் நினைவிலிருந்து விடை எழுதும் ஐந்து நிமிட மீட்டெடுப்பு வினாக்களை நடத்துங்கள். மற்ற நான்குக்கும் அதே ஐந்து நிமிடத்தில் பாடநூலை மீண்டும் வாசிக்கச் செய்யுங்கள். நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதன்மையானது. இல்லையேல் நீங்கள் அளப்பது கூடுதல் நேரத்தின் பயனாகிவிடும். பருவ இறுதியில் எட்டுத் தலைப்புகளிலும் சம எண்ணிக்கையில் கேட்க வேண்டிய வினாக்களை இப்போதே எழுதி, தலைமை ஆசிரியரிடம் உறையில் கொடுத்துவிடுங்கள். எந்தத் தலைப்பு எந்த வகை என்று தெரியாத சக ஆசிரியர் திருத்தட்டும்.

வேறுபாடு ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் அப்படியே கோப்பில் எழுதுங்கள்.